விதையிலிருந்து பெல்லட்டுக்கு மாறும் பட்ஜி கிளிகள்: அவசரப்பட்டால் பட்டினி, எடை பார்த்து மாற்றுவதே பாதுகாப்பு

பெங்களூரு: வீடுகளில் வளர்க்கப்படும் பட்ஜி கிளிகளுக்குத் தினை, பனிவரகு போன்ற விதைகளை மட்டுமே கொடுப்பது போதாது, பெல்லட் எனப்படும் சமச்சீர் தீவனத்தையும் உணவில் சேர்க்க வேண்டும் என்பது பறவை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கூறிவரும் அறிவுரை. ஆனால், இந்த மாற்றத்தை எப்படிச் செய்வது என்பது பல வீடுகளில் தெரிவதில்லை. விதைக் கிண்ணத்தை ஒரே நாளில் எடுத்துவிட்டு பெல்லட்டை வைத்தால், பறவையின் நலம் கருதிச் செய்யப்பட்ட மாற்றமே அதன் உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

விதையில் உள்ள குறை என்ன, பெல்லட் என்பது எது, எத்தனை நாள்களில், எந்த முறையில் மாற்ற வேண்டும், எந்தக் கட்டத்தில் நிறுத்த வேண்டும் என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

'லவ் பேர்ட்ஸ்' என்ற பெயரில் விற்கப்படும் பறவை

பெங்களூரு சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பகுதியிலும், தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களிலும் 'லவ் பேர்ட்ஸ்' என்ற பெயரில் விற்கப்படும் சிறு கிளிகளில் பெரும்பாலானவை உண்மையில் பட்ஜிகளே. இவற்றின் முழுப்பெயர் பட்ஜரிகர். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, குட்டை வால் கொண்ட வேறோர் இனம். பட்ஜியின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலப் பகுதி. 1805-ஆம் ஆண்டு ஆங்கிலேய விலங்கியலாளர் ஜார்ஜ் ஷா இதனை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். 1840-இல் பறவையியலாளர் ஜான் கூல்டு உயிருள்ள பட்ஜிகளை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அதன் பிறகே அது உலகெங்கும் கூண்டுப் பறவையாகப் பரவியது.

வளர்ந்த ஒரு பட்ஜியின் எடை பொதுவாக 30 முதல் 40 கிராம் வரை மட்டுமே இருக்கும். கண்காட்சிக்கென வளர்க்கப்படும் ஆங்கில வகை இதைவிடப் பெரியது. இவ்வளவு சிறிய உடலில் சேமிப்பு மிகக் குறைவு. ஆனால் உடலின் எரிசக்திச் செலவோ மிக அதிகம். உணவு மாற்றத்தின் எல்லாக் கட்டங்களிலும் நினைவில் நிற்க வேண்டிய அடிப்படை உண்மை இதுவே.

விதையில் என்ன குறை?

தினை சத்தற்ற தானியம் அன்று. மனிதர்களுக்கு அது நல்லுணவு. ஆனால், பல வகை உணவுகளுடன் சேர்த்து உண்ணும் மனிதனுக்குப் பொருந்துவது, ஆண்டு முழுவதும் அதை மட்டுமே உண்ணும் பறவைக்குப் பொருந்தாது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட இந்திய உணவுகளின் ஊட்டமதிப்பு அட்டவணையின்படி, 100 கிராம் தினையில் 31 மில்லிகிராம் கால்சியமும் 290 மில்லிகிராம் பாஸ்பரஸும் உள்ளன. அதாவது, ஒரு பங்கு கால்சியத்துக்கு ஒன்பது பங்குக்கும் மேல் பாஸ்பரஸ். பறவையின் உணவில் கால்சியம் பாஸ்பரசுக்குச் சமமாகவோ, அதைவிடக் கூடுதலாகவோ இருக்க வேண்டும். இந்த விகிதம் தலைகீழாக இருக்கும்போது உடல் தனக்குத் தேவையான கால்சியத்தை எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. பெண் பறவைகளில் முட்டை வெளிவராமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும் உயிராபத்தான நிலைக்குக் கால்சியக் குறைபாடு முக்கியக் காரணங்களுள் ஒன்று.

இரண்டாவது குறை வைட்டமின் ஏ. உலர்ந்த சிறுதானியங்களில் இது அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். வைட்டமின் ஏ குறைந்தால் மூக்கு, வாய், மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உட்புறச் சவ்வு தடித்து, தன் பாதுகாப்புத் திறனை இழக்கிறது. அடிக்கடி தும்மல், மூக்கில் நீர், மீண்டும் மீண்டும் வரும் சுவாசத் தொற்று ஆகியவை இதன் வெளிப்பாடுகள்.

மூன்றாவது, அயோடின். விதை மட்டுமே உண்ணும் பட்ஜிகளிடம் தைராய்டு சுரப்பி வீங்குவது நெடுங்காலமாக அறியப்பட்ட நோய். பறவையின் தைராய்டு மார்புக்கூட்டின் நுழைவாயிலில் இருப்பதால், அது வீங்கும்போது மூச்சுக்குழாயையும் தீனிப்பையையும் அழுத்துகிறது. மூச்சு விடும்போது கீச்சென்ற ஒலி, குரல் மாற்றம், உண்ட தானியத்தை வெளியே கக்குதல் ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றைச் சளி என்று எண்ணி, பலர் வீட்டு மருந்து கொடுத்துக் காலம் கடத்திவிடுகின்றனர்.

இவற்றுடன், புரதத்தின் கட்டுமானப் பொருள்களில் ஒன்றான லைசின் என்ற அமினோ அமிலமும் சிறுதானியங்களில் குறைவு. கடைகளில் விற்கப்படும் கலவையில் சூரியகாந்தி விதை சேர்ந்திருந்தால் வேறொரு சிக்கலும் எழுகிறது. உமி நீக்கிய சூரியகாந்திப் பருப்பின் எடையில் ஏறத்தாழ பாதி கொழுப்பு. பறக்க இடமில்லாத கூண்டில் இருக்கும் பட்ஜி இதையே பொறுக்கித் தின்னும்போது உடல் பருமன், கல்லீரலில் கொழுப்பு படிதல், தோலடியில் கொழுப்புக் கட்டி ஆகியவை உண்டாகின்றன. கொழுப்புக் கட்டிகள் தோன்றும் இயல்பு பட்ஜிகளிடம் மற்றக் கிளிகளைவிட அதிகம்.

காட்டிலும் விதையைத்தானே உண்கிறது?

பட்ஜி வளர்ப்போர் எழுப்பும் நியாயமான கேள்வி இது. காட்டில் வாழும் பட்ஜியின் உணவும் பெரும்பாலும் தரையோரத் தாவரங்களின் விதைகளே என்பது உண்மைதான். ஆனால், இரண்டுக்கும் இடையே மூன்று வேறுபாடுகள் உள்ளன.

முதலாவது, காட்டுப் பறவை உண்பது பல வகைப் புற்களின், செடிகளின் விதைகளை. கூண்டுப் பறவைக்குக் கிடைப்பது இரண்டு அல்லது மூன்று வகை மட்டுமே. இரண்டாவது, காட்டில் மழைக்குப் பின் முளைக்கும் புல்லின் பால்பிடித்த, பச்சையான விதைகளும் அதற்குக் கிடைக்கின்றன. கடையில் கிடைப்பது மாதக்கணக்கில் உலர்ந்த தானியம். மூன்றாவது, காட்டுப் பட்ஜிகள் நீரையும் விதையையும் தேடிக் கூட்டமாக நெடுந்தொலைவு பறக்கும் நாடோடிகள். இரண்டடிக் கூண்டுக்குள் ஒரு கம்பிலிருந்து இன்னொரு கம்புக்குத் தாவும் பறவைக்கு அந்த உழைப்பு இல்லை.

ஆகவே, 'விதை இயற்கை உணவு' என்பது சரி. 'இரண்டு வகை உலர் விதை மட்டும் போதும்' என்பது சரியன்று.

பெல்லட் என்பது என்ன?

கோழி, முயல், ஆடு வளர்ப்போர் 'குச்சித் தீவனம்' என்று அழைப்பதைப் போன்றதே பெல்லட். மக்காச்சோளம், சோயா, பிற தானியங்கள் முதலியவற்றை அரைத்து, குறைவாக உள்ள வைட்டமின்களையும் தாதுக்களையும் கணக்கிட்டுச் சேர்த்து, அழுத்தியோ வெப்பத்தில் வேகவைத்தோ சிறு மணிகளாக்குகின்றனர். கிளியினங்களுக்கான பெல்லட்டுகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடந்த அரை நூற்றாண்டில் வளர்ச்சி பெற்றவை. இந்தியாவில் இறக்குமதி வகைகளும் உள்நாட்டு வகைகளும் கிடைக்கின்றன.

இதன் முதன்மையான பயன், பறவையால் பொறுக்கித் தின்ன முடியாது என்பதே. பல விதைகள் கலந்த கிண்ணத்தில் பட்ஜி தனக்குப் பிடித்ததை மட்டும் உண்டு, மற்றவற்றை ஒதுக்கிவிடும். பெல்லட்டின் ஒவ்வொரு மணியிலும் ஒரே கலவை இருப்பதால் அந்த வாய்ப்பு இல்லை.

பட்ஜியின் அலகுக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள மிகச் சிறிய மணிகளோ, குருணையோ ஏற்றவை. பெரிய கிளிகளுக்கான மணிகளை அது தொடாது. செயற்கை வண்ணம் சேர்த்த வகைகளை உண்டால் எச்சத்தின் நிறமும் மாறும். இதனால் நோயின் அறிகுறி எது, சாயம் எது என்று பிரித்தறிவது கடினம். எனவே வண்ணமற்ற வகையைத் தேர்வது நல்லது.

ஆபத்து எங்கே இருக்கிறது?

குஞ்சாக இருந்தபோது முதல் விதை மட்டுமே உண்டு வளர்ந்த பட்ஜிக்கு, பெல்லட் ஓர் உணவு என்பதே தெரியாது. அதன் வடிவம், நிறம், மணம், கடிக்கும்போது எழும் உணர்வு ஆகிய எதுவும் அதற்குப் பழக்கமானவை அல்ல. விதையின் உமியை அலகால் உரித்து, பருப்பை மட்டும் விழுங்குவதே அது அறிந்த உண்ணும் முறை. உமியில்லாத ஒரு மணியை என்ன செய்வதென்று அதற்குப் புரிவதில்லை.

'பசித்தால் தானே தின்னும்' என்ற எண்ணம் நாய்க்கோ ஆட்டுக்கோ பொருந்தக்கூடும், பட்ஜிக்குப் பொருந்தாது. முழுதாக 24 மணி நேரம் உண்ணாமல் இருந்தாலே அதை அவசர நிலையாகக் கருத வேண்டும். இரண்டு நாள் பட்டினி உயிரைப் பறிக்கக் கூடும். கிண்ணம் நிறைய உணவு இருக்கும்போதே பறவை பட்டினியால் இறக்கும் நிலை இப்படித்தான் ஏற்படுகிறது.

இதில் இன்னொரு ஏமாற்றமும் உண்டு. பட்ஜி உரித்துப் போடும் உமி கிண்ணத்திலேயே விழுந்து மேலே படிந்திருக்கும். மேலோட்டமாகப் பார்ப்பவருக்குக் கிண்ணம் நிறையத் தினை இருப்பதுபோல் தெரியும். ஊதிப் பார்த்தால்தான் உள்ளே வெறும் உமி என்பது புலப்படும். அதேபோல், பெல்லட் கிண்ணத்தின் அடியில் தூள் கிடந்தால் பறவை உண்டுவிட்டது என்று பொருளன்று. கடித்து உடைத்து உதறியிருக்கவும் கூடும். கண்ணால் கிண்ணத்தைப் பார்த்து முடிவு செய்வது நம்பத்தகாதது. நம்பத்தக்கவை இரண்டே: பறவையின் எடை, அதன் எச்சம்.

தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

முதலில், பறவை நலமாக இருக்கிறதா என்பதை மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும். பறவைகள் நோயை மறைக்கும் இயல்புடையவை. கீழ்க்காணும் நிலைகளில் உணவு மாற்றத்தைத் தள்ளிப்போடுவதே முறை:

* நோயுற்ற அல்லது நோயிலிருந்து மீண்டுவரும் பறவை
* முட்டையிடும், அடைகாக்கும், குஞ்சுக்கு ஊட்டும் பறவைகள்
* இறகு உதிர்த்துப் புதுப்பிக்கும் காலம்
* புதிதாக வாங்கி வந்து இரண்டு, மூன்று வாரங்கள் ஆகாத பறவை

அடுத்து, ஒரு கிராம் அல்லது அதற்கும் நுண்ணிய அளவைக் காட்டும் டிஜிட்டல் தராசு தேவை. சமையலறைத் தராசே போதும். அரை கிராம் வேறுபாட்டையும் காட்டும் சிறு தராசு இருந்தால் இன்னும் நன்று. காற்றோட்டமுள்ள சிறு பெட்டியைத் தராசில் வைத்து, அதன் எடையைப் பூஜ்யமாக்கிய பின் பறவையை அதில் விட வேண்டும். பழகிய பறவையானால், தராசின் மேல் வைத்த சிறு கம்பில் அமரப் பழக்கலாம்.

தினமும் காலையில், உணவு வைப்பதற்கு முன், ஒரே நேரத்தில் எடை பார்ப்பது அவசியம். பழைய உணவிலேயே நான்கைந்து நாள்கள் எடை பார்த்துக் குறித்துக்கொண்டால், அந்தப் பறவையின் வழக்கமான எடை தெரிந்துவிடும். அதன் பிறகே மாற்றத்தைத் தொடங்க வேண்டும்.

கூண்டின் தரையில் வெள்ளைத்தாள் விரிப்பது இரண்டாவது ஏற்பாடு. நலமான பட்ஜி ஒரு நாளில் ஏறத்தாழ 30 முதல் 50 முறை எச்சமிடும். தாளைத் தினமும் மாற்றினால், முந்தைய நாளைவிட எச்சம் குறைந்திருக்கிறதா என்பது உடனே தெரியும்.

மாற்றும் முறைகள்

ஒரே முறை எல்லாப் பறவைகளுக்கும் ஒத்துவராது. நடைமுறையில் பயன்படும் முறைகள் நான்கு. இவற்றில் ஒன்றையோ, சிலவற்றைச் சேர்த்தோ கையாளலாம்.

1. படிப்படியாகக் கலத்தல்: பெல்லட்டைத் தூளாக்கி, இலேசாக நீர் தெளித்த விதையின் மேல் தூவிப் பிசற வேண்டும். உமியை உரிக்கும்போது அலகிலும் நாவிலும் அந்தத் தூள் ஒட்டுவதால், சுவை பழகுகிறது. முதல் வாரத்தில் நான்கில் ஒரு பங்கு பெல்லட், பறவை உண்பது உறுதியான பின் சரிபாதி, அதன் பிறகு நான்கில் மூன்று பங்கு என்று உயர்த்தலாம். ஒவ்வொரு படிக்கும் ஒன்று முதல் இரண்டு வாரம் ஒதுக்குவது வழக்கம். ஈரமான உணவு விரைவில் கெடும் என்பதால் இரண்டு மணி நேரத்துக்குள் அகற்றிவிட வேண்டும்.

2. வேளை குறித்து விதை வைத்தல்: நாள் முழுவதும் விதைக் கிண்ணத்தை வைத்திருப்பதற்கு மாறாக, காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை அரைமணி நேரம் மட்டும் விதை வைப்பது. இடைப்பட்ட நேரத்தில் பெல்லட் மட்டும் கூண்டில் இருக்கும். நடுப்பகலில் இலேசாகப் பசிக்கும்போது பறவை அதைச் சோதித்துப் பார்க்கும். இந்த இரு வேளை விதையே பறவையைப் பட்டினியிலிருந்து காக்கும் பாதுகாப்பு என்பதால், பெல்லட்டை விழுங்குவது உறுதியாகும் வரை அதை நிறுத்தக் கூடாது.

3. தட்டையான பரப்பில் தூவுதல்: பட்ஜி இயல்பாகவே தரையில் மேயும் பறவை. கிண்ணத்தைத் தொடாத பறவைகூட, தட்டில் அல்லது வெள்ளைத்தாளில் விதையும் பெல்லட்டும் கலந்து தூவினால் கொத்திப் பார்க்கும். சிறு கண்ணாடியைப் படுக்கவைத்து அதன் மேல் தூவுவதும் பலன் தரும். தன் பிம்பத்தை இன்னொரு பறவையாக எண்ணி, அதனுடன் சேர்ந்து கொத்தத் தொடங்கும். எனினும், உணவு வேளை முடிந்ததும் கண்ணாடியை எடுத்துவிடுவது நல்லது.

4. பார்த்துப் பழகுதல்: பட்ஜி கூட்டமாக வாழும் இனம், உடனிருக்கும் பறவை உண்பதைப் பார்த்தே புதிய உணவைக் கற்றுக்கொள்ளும். ஏற்கெனவே பெல்லட் உண்ணும் பறவை அடுத்த கூண்டில் இருந்தால் மாற்றம் எளிதாகிறது. மனிதர்களோடு நன்கு பழகிய ஒற்றைப் பறவையானால், வளர்ப்பவர் பெல்லட்டை விரலால் கொத்துவதுபோல் காட்டினாலும் ஆர்வத்தோடு நெருங்கி வரும்.

இளம் பறவைகள் சில நாள்களிலேயே மாறிவிடுவதுண்டு. பல ஆண்டுகள் விதையிலேயே வாழ்ந்த பறவைக்கு இரண்டு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். காலக்கெடு வைத்துக்கொண்டு செய்யும் செயல் இதுவன்று.

தராசு காட்டும் எல்லை

மாற்றக் காலத்தில் சிறிதளவு எடை குறைவது இயல்பு. எந்த அளவு இயல்பு, எந்த அளவு ஆபத்து என்பதற்குத் தெளிவான எல்லை தேவை.

36 கிராம் எடையுள்ள பறவையை எடுத்துக்கொண்டால், அதன் 5 விழுக்காடு 1.8 கிராம். இந்த அளவு குறையும்போது அடுத்த படிக்குச் செல்லாமல், அதே கலவையில் நிறுத்திவைக்க வேண்டும். 10 விழுக்காடு, அதாவது 3.6 கிராம் குறைந்து எடை 32.4 கிராமுக்கு வந்துவிட்டால், மாற்றத்தை உடனே கைவிட்டுப் பழைய விதை உணவை முழுமையாகத் திரும்பக் கொடுத்து, மருத்துவரை அணுக வேண்டும். எடை பழைய நிலைக்கு வந்து சில வாரங்கள் சென்ற பின் மீண்டும் முயலலாம்.

ஏற்கெனவே பருத்திருக்கும் பறவைக்கும் இதே எல்லை பொருந்தும். பருமனான பறவை திடீரென உண்ணாமல் போவது கல்லீரலுக்குக் கூடுதல் ஆபத்து. அதன் எடையைக் குறைப்பது மருத்துவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டிய தனிப்பணி.

எச்சமும் இதையே உணர்த்தும். எண்ணிக்கை பாதியாகக் குறைவது, அளவில் சிறுத்துக் கரும்பச்சையாகவோ கருப்பாகவோ மாறுவது ஆகியவை வயிற்றில் உணவு இல்லை என்பதன் அடையாளம். மாறாக, எச்சம் சற்றுப் பெருத்து, பழுப்பு நிறமாகவும் கொஞ்சம் ஈரமாகவும் மாறினால் பறவை பெல்லட்டை விழுங்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். பெல்லட் உண்ணும் பறவை கூடுதலாக நீர் அருந்துவதும் இயல்பே.

இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கியிருத்தல், பகலில் தொடர்ந்து உறங்குதல், கூண்டின் தரையில் அமர்தல், மூச்சுக்கு ஏற்ப வால் மேலும் கீழும் அசைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் எடைக் கணக்குக்காகக் காத்திருக்கக் கூடாது.

ஒரே கூண்டில் பல பறவைகள் இருந்தால்

பட்ஜிகள் பெரும்பாலும் ஜோடியாகவோ கூட்டமாகவோ வளர்க்கப்படுகின்றன. இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. ஆறு பறவைகளில் ஐந்து பெல்லட்டை ஏற்றுக்கொண்டிருக்கும். ஒன்று மட்டும் தொடாமலேயே இருக்கும். கிண்ணம் காலியாவதைப் பார்த்து எல்லாம் உண்கின்றன என்று எண்ணிவிட்டால், அந்த ஒன்றின் பட்டினி வெளியே தெரியாது. காலிலுள்ள வளையத்தையோ நிறத்தையோ அடையாளமாகக் கொண்டு ஒவ்வொரு பறவையையும் தனித்தனியே எடைபோட்டு, தனித்தனியே குறித்துவைக்க வேண்டும். பின்தங்கும் பறவைக்குத் தனிக் கூண்டில் விதை கொடுத்து, பின்னர் மெதுவாக மாற்றலாம். கூட்டத்தின் வேகத்தை அந்தக் கடைசிப் பறவையே தீர்மானிக்கிறது.

முழுவதும் பெல்லட் தேவையா?

இதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பெரிய கிளிகளுக்கு உணவின் பெரும்பகுதி பெல்லட்டாகவே இருக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்டது. ஆனால், பட்ஜிகளிடம் சிறுநீரகக் கோளாறும், யூரிக் அமிலம் மூட்டுகளில் படியும் கௌட் நோயும் அதிகம் காணப்படுகின்றன. உலர்ந்த பெல்லட்டை மட்டுமே உண்பது இதில் பங்கு வகிக்கிறதா என்ற ஐயம் சில மருத்துவர்களிடம் உள்ளது. இது உறுதியாக நிறுவப்படவில்லை. எனினும், உணவில் பாதி முதல் நான்கில் மூன்று பங்கு வரை பெல்லட், மீதி காய்கறி, கீரை, சிறிதளவு விதை என்ற கலப்புமுறையைப் பலர் பரிந்துரைக்கின்றனர். எனவே, மாற்றத்தின் நோக்கம் விதையை முற்றிலும் ஒழிப்பதன்று. விதையே முழு உணவு என்ற நிலையை மாற்றுவதே.

கீரை வகைகளில் கொத்தமல்லி, முருங்கைக்கீரை, அரைக்கீரை ஆகியவற்றை நன்கு கழுவி, கூண்டின் கம்பியில் கட்டித் தொங்கவிடலாம். துருவிய கேரட் வைட்டமின் ஏ-யின் மூலப்பொருளைத் தருகிறது. பாலக்கீரையில் உள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிணைத்துக்கொள்ளும் என்பதால் அதை அளவோடு கொடுக்க வேண்டும். கடல்நுரை எனப்படும் கணவாய் ஓட்டைக் கூண்டில் மாட்டிவைப்பது கால்சியத்துக்கான பழைய, எளிய வழி.

பெங்களூருவின் பழச்சாறுக் கடைகளில் 'பட்டர் ஃப்ரூட்' என்று விற்கப்படும் அவகாடோவைப் பறவைக்கு அறவே கொடுக்கக் கூடாது. அதிலுள்ள பெர்சின் என்ற நச்சு பட்ஜியின் இதயத்தைத் தாக்கிக் கொல்லக்கூடியது. சாக்லேட், காபி, தேநீர், வெங்காயம், உப்பு சேர்த்த நொறுக்குத்தீனி ஆகியவையும் தவிர்க்க வேண்டியவை.

பெல்லட் உண்ணும் பறவைக்கு மருத்துவர் சொல்லாமல் வைட்டமின் சொட்டு மருந்து கொடுப்பதும் தவறு. பெல்லட்டில் ஏற்கெனவே வைட்டமின்கள் சேர்க்கப்பட்டுள்ளன. அதற்கு மேல் வைட்டமின் ஏ, டி ஆகியவற்றைச் சேர்த்தால் அவை உடலில் தேங்கி நஞ்சாகும்.

வாங்கும்போதும் சேமிக்கும்போதும்

ஒரு பட்ஜி நாளொன்றுக்கு உண்பது சுமார் 5 முதல் 8 கிராம் தீவனம் மட்டுமே. நாளுக்கு 6 கிராம் என்று கொண்டால், இரண்டு பறவைகள் 500 கிராம் பொட்டலத்தை முடிக்க ஏறத்தாழ 40 நாள்கள் ஆகும். பெல்லட்டின் விலை தினையைவிடப் பல மடங்கு அதிகம் என்றாலும், உண்ணும் அளவைக் கணக்கிட்டால் மாதச் செலவு பலர் அஞ்சும் அளவுக்கு இருப்பதில்லை. விலை மலிவு என்று பெரிய மூட்டை வாங்கினால், பிரித்த பின் வைட்டமின்கள் சிதைந்து, வாங்கியதன் பயனே குறைந்துவிடும்.

மூட்டையிலிருந்து அள்ளி எடைபோட்டு விற்கும் உதிரி பெல்லட்டில் தயாரிப்புத் தேதியும் காலாவதித் தேதியும் தெரியாது. முத்திரையிட்ட சிறு பொட்டலமே ஏற்றது. பெங்களூருவின் மழைக்கால ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிப்பது எளிது. காற்றுப்புகாத டப்பாவில், வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். பூஞ்சை வாடை அடித்தாலோ, கட்டிபிடித்திருந்தாலோ தயங்காமல் எறிந்துவிட வேண்டும். விதைக்கும் இதே விதிதான்.

விலையை எண்ணி, கோழித் தீவனத்தைப் பட்ஜிக்குக் கொடுப்போரும் உண்டு. இது ஆபத்தான குறுக்குவழி. முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 விழுக்காடு வரை கால்சியம் இருக்கும். அநேகமாக நாள்தோறும் முட்டையிடும் கோழிக்கு வகுத்த அந்த அளவு, முட்டையிடாத பட்ஜியின் சிறுநீரகத்தைச் சிதைக்கும். குஞ்சுகளுக்கான தீவனங்களில் இரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்துகளும் சேர்க்கப்படுவதுண்டு.

யாரை அணுகுவது?

நாய், பூனைக்கு வைத்தியம் பார்க்கும் எல்லா மருத்துவர்களுக்கும் பறவை மருத்துவத்தில் அனுபவம் இருப்பதில்லை. பெங்களூருவில் ஹெப்பாலில் உள்ள அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை அணுகி வழிகாட்டுதல் பெறலாம். எந்த மருத்துவரானாலும், உணவு மாற்றத்தைத் தொடங்கும் முன்பே அவருக்குப் பறவைகளைப் பார்த்த அனுபவம் உண்டா என்று கேட்டறிந்து, தொடர்பு எண்ணைக் கையில் வைத்திருப்பது நல்லது. பறவை சோர்ந்து விழுந்த பிறகு மருத்துவரைத் தேடத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். எடைக் குறிப்பேட்டை உடன் எடுத்துச்சென்றால் மருத்துவரின் பணி எளிதாகும்.

வளர்ப்புப் பிராணிக் கடைகளுக்கு 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, அவை மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பறவை வாங்கும்போது பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்க்கலாம். அத்துடன், அந்தப் பறவை இதுவரை என்ன உண்டது என்பதையும் கேட்டறிய வேண்டும். குஞ்சுப் பருவத்திலேயே பெல்லட் பழகிய பறவை கிடைத்தால், மேற்சொன்ன சிரமங்களில் பெரும்பகுதி இல்லாமல் போகும்.

பட்ஜி அயல்நாட்டு இனம் என்பதால் அதை வளர்க்கத் தடையில்லை. ஆனால், நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 'லவ் பேர்ட்ஸ்' விற்கும் இடத்தில் பச்சைக்கிளிக் குஞ்சுகளும் விற்கப்பட்டால், அவற்றை வாங்காமல் வனத்துறைக்குத் தகவல் தருவதே முறை.

எந்த முயற்சிக்கும் இணங்காத பறவை

எல்லா முறைகளையும் பொறுமையாகக் கையாண்ட பின்னும், சில வயதான பட்ஜிகள் பெல்லட்டை ஏற்பதில்லை. அவற்றை வற்புறுத்த வேண்டியதில்லை. விதைகளின் வகையைப் பெருக்குவது, சூரியகாந்தியை நீக்குவது, முளைகட்டிய தினையையும் கீரையையும் தினமும் சேர்ப்பது, கணவாய் ஓடு வைப்பது, மருத்துவர் குறிக்கும் அளவில் மட்டும் அயோடின், வைட்டமின் ஏ கொடுப்பது ஆகியவற்றால் குறைபாடுகளைப் பெருமளவு ஈடுகட்டலாம். முளைகட்டிய தானியத்தைப் பலமுறை அலசி, புளித்த வாடை இல்லாதபோது மட்டுமே கொடுக்க வேண்டும்.

மாறிவிட்ட பறவைக்கும் கண்காணிப்பு தொடர வேண்டும். முதல் மூன்று மாதங்களுக்கு வாரம் இருமுறையும், அதன் பிறகு வாரம் ஒருமுறையும் எடை பார்ப்பது போதுமானது. பறவை தன் நோயை மறைக்கலாம்; எடைக் குறைவை மறைக்க முடியாது.